பழைய எண்ணை அழிக்காதீர்கள்: வலைப்பூ முகவரிகள் குறித்து ஓர் ஆசிரியைக்குப் பதில்

தாராபுரத்துக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்திலிருந்து, அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஊரும் பெயரும் தளத்தின் பெயரும் இங்கே தவிர்க்கப்படுகின்றன. கொரங்காட்டுப் (மானாவாரி மேய்ச்சல் நிலப்) பண்ணையம், காங்கயம் மாடுகள், கிளுவை வேலி, அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சொல்லிக்கொடுத்த மாட்டு வைத்தியம் ஆகியவற்றைப் பற்றி 2015 முதல் தமிழில் வலைப்பூ எழுதி வருகிறார். முதல் மூன்று ஆண்டுகள் கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்கரில் எழுதினார். 2018-இல் தெரிந்த இளைஞர் ஒருவர் சொந்த டொமைன் (தளத்துக்கான தனிப்பெயர்) வாங்கி, தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு மாற்றிக் கொடுத்தார். இன்று அதில் 412 பதிவுகள் உள்ளன.

ஓராண்டாக வாசகர் வரத்து குறைந்திருக்கிறது. திருப்பூரில் உள்ள ஒரு நிறுவனத்தை அணுகியபோது, குறை முழுவதும் முகவரிகளில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். தமிழ் முகவரியைக் கூகுளால் படிக்க முடியாதாம். முகவரியில் ஆண்டும் மாதமும் நாளும் இருப்பதால் பதிவுகள் பழையவை என்று ஒதுக்கப்படுகின்றனவாம். 412 முகவரிகளையும் ஆங்கிலத்துக்கு மாற்றினால் மூன்று மாதத்தில் முதல் பக்கத்துக்கு வருவது உறுதி, கட்டணம் 60,000 ரூபாய் என்பது அவர்கள் கூற்று. பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகனோ, பழையதை விட்டுவிட்டு மாட்டினத்தின் பெயரிலேயே புதிய டொமைன் வாங்கி முதலிலிருந்து தொடங்கலாம் என்கிறார். இதற்கிடையே, உழவர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பகிர்ந்த பதிவின் முகவரி விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நீண்டு கிடந்ததைப் பார்த்த ஒருவர், "என்னங்க டீச்சர், இது வைரஸுங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த வருத்தத்தில், மூன்று வாரங்களுக்கு முன்பு ஒன்பது பதிவுகளை ஆசிரியையே நீக்கிவிட்டு, ஆங்கில முகவரி அமையுமாறு அவற்றை மறுபடியும் பதிந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஒன்பதுக்கும் இருந்த கொஞ்சநஞ்ச வரத்தும் நின்றுபோயிற்று. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் கொடுப்பதற்கு ஒரு நோட்டீஸ் அடிக்கவிருப்பதாகவும், அதில் எந்த முகவரியைப் போடுவது என்றும் கடைசியாகக் கேட்டிருக்கிறார்.

அம்மா, வணக்கம். கோவையில் இணையதளங்களை அமைத்தும் பராமரித்தும் வருவது என் தொழில். நீங்கள் கேட்டிருக்கும் வரிசையில் பதில் சொல்லாமல், நாள் கடந்தால் கைவிட்டுப் போகக்கூடிய ஒன்றை முன்னால் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் குப்பைத்தொட்டியைத் திறவுங்கள்

வேர்ட்பிரஸில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிந்துவிடுவதில்லை. 'டிராஷ்' எனப்படும் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் கிடக்கும். அதற்குப் பிறகுதான் வேர்ட்பிரஸ் அதைத் தானாகவே ஒழித்துக்கட்டும். மூன்று வாரங்களுக்கு முன் நீக்கியதாக எழுதியிருக்கிறீர்கள் என்பதால், இன்னும் சில நாட்கள்தான் மிச்சம் இருக்கின்றன. இந்தப் பதிலைப் படித்த அன்றே 'போஸ்ட்ஸ்' பகுதிக்குள் சென்று டிராஷைத் திறந்து, ஒன்பதையும் 'ரெஸ்டோர்' செய்துவிடுங்கள்.

மீட்ட பதிவுகள் நேரடியாக வெளியே தெரியமாட்டா. அண்மைக்காலப் பதிப்புகளில் அவை வரைவாகத்தான் திரும்பி வரும். ஒவ்வொன்றையும் திறந்து, ஸ்லக் எனப்படும் முகவரியின் கடைசிப் பகுதி பழையபடி இருக்கிறதா, வெளியிட்ட நாள் பழைய நாளாகவே இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு வெளியிடுங்கள். உங்கள் முகவரி அமைப்பில் நாளும் ஓர் அங்கம் என்பதால், நாள் மாறினால் முகவரியும் மாறிவிடும். பழைய பதிவுகள் வெளியானதும், நீங்கள் புதிதாகப் பதிந்த ஒன்பதையும் எடுத்துவிட்டு, அவற்றின் முகவரிகளுக்கு வருபவர்கள் பழைய பதிவுகளுக்குப் போய்ச் சேருமாறு வழிமாற்றுக் கொடுங்கள். அதற்கு 'ரீடைரக்‌ஷன்' என்ற இலவசச் செருகுநிரலே (வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளே) போதும்.

புதியவற்றை வைத்துக்கொண்டு பழைய முகவரிகளை அவற்றுக்குத் திருப்பினால் ஆகாதா என்று உங்கள் மருமகன் கேட்கலாம். தேடுபொறியைப் பொறுத்தவரை அதுவும் சரியான வழிதான். ஆனாலும் பழையவற்றை மீட்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபின் தளத்தைப் பார்த்தேன். பல பதிவுகளின் கீழே, பூச்சிக்காளை (இனப்பெருக்கத்துக்கான காளை) தேர்ந்தெடுப்பது பற்றியும், காரியும் மயிலையும் கலந்து ஈன்ற கன்றின் நிறம் பற்றியும், பெரியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பின்னூட்டங்களாக எழுதியிருக்கிறார்கள். பதிவோடு சேர்ந்து அவையும் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கின்றன. மீட்டால் அவையும் திரும்பும். மறுபடி தட்டச்சு செய்து ஏற்றிய புதிய பதிவில் அவை இல்லை. எழுதியவர்களில் சிலரிடம் இனிக் கேட்டு வாங்கவும் முடியாமல் போகலாம்.

முகவரிக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது?

நம் ஊர்களில் வீடுகளுக்குப் புதிய கதவு எண் கொடுத்தபோது என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 'பழைய எண் 14, புதிய எண் 37' என்று இரண்டையும் கதவில் எழுதி வைத்தார்கள். பழைய எண்ணுக்கு வந்த கடிதமும் வீடு வந்து சேர்ந்தது. இணையத்தில் அந்த இரட்டை எண்ணின் வேலையைச் செய்வதுதான் 301 எனப்படும் நிரந்தர வழிமாற்று. நீங்கள் ஒன்பது பதிவுகளில் செய்தது, பழைய எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய எண்ணை மட்டும் எழுதியது. கூகுள் பழைய எண்ணுக்கு வந்து பார்த்து, வீடே இல்லை என்று 404 என்ற குறிப்போடு திரும்பிவிட்டது. ஆண்டுக்கணக்கில் அந்த முகவரி சேர்த்து வைத்திருந்த மதிப்பும், பிறர் தங்கள் தளங்களில் கொடுத்திருந்த இணைப்புகளும் அதனோடு அறுந்தன. ஆங்கிலத்தில் முகவரி வைத்ததால் வரத்து நின்றதாக நீங்கள் அஞ்சுகிறீர்கள். காரணம் மொழியன்று, அந்த அறுபட்ட இணைப்புதான்.

இனி, முகவரியை மாற்றினால் முதல் பக்கம் வரும் என்ற கூற்றுக்கு வருகிறேன். முகவரியில் இருக்கும் சொற்களுக்குத் தேடலில் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. இது என் சொந்தக் கருத்து மட்டுமன்று. தொடக்கநிலையாளர்களுக்கான கூகுளின் சொந்த வழிகாட்டியே, டொமைன் பெயரிலோ முகவரியின் பாதையிலோ (டொமைனுக்குப் பின் வரும் பகுதியிலோ) தேடுசொற்களை வைப்பதால் தரவரிசையில் ஏறக்குறைய எந்த விளைவும் இல்லை என்றும், தேடல் முடிவில் தலைப்புக்கு அருகே தெரியும் பாதைவரியில் அவை இடம்பெறுவது ஒன்றே பயன் என்றும் சொல்கிறது. அந்தப் பயனும் இப்போது சுருங்கிவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து கைப்பேசித் தேடல் முடிவுகளில் கூகுள் பாதையைக் காட்டுவதில்லை, டொமைனை மட்டுமே காட்டுகிறது. உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கண்ணில் படாத ஒன்றைத் திருத்துவதற்காக அறுபதாயிரம் கேட்கப்படுகிறது.

அப்படியானால் முகவரி எப்படி இருந்தாலும் பரவாயில்லையா என்றால், அப்படியும் இல்லை. முகவரி மனிதர்களுக்காக ஒழுங்காக இருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கவும், பகிரவும், அச்சிடவும், பத்தாண்டு கழித்தும் திறக்கவும் கூடியதாக இருப்பதே நல்ல முகவரி. தேடுபொறிக்கு உகந்த முகவரி என்று சொல்லப்படுவதன் உட்பொருளும் பெரும்பாலும் இதுதான்: பக்கத்துக்கு ஒரே முகவரி, குழப்பமில்லாத சொற்கள், எந்நாளும் மாறாத நிலை.

வரத்து ஏன் குறைந்தது என்பதை அறிய, தளத்தின் தேடல் நிலவரத்தைக் காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் கடந்த 16 மாதத் தரவு உங்களுக்குக் கிடைக்கும். எந்தத் தேடலுக்கு உங்கள் பதிவு காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காட்டப்படுவது குறையாமல் சொடுக்குவது மட்டும் குறைந்திருந்தால் தலைப்பையும் முதல் பத்தியையும் கவனிக்க வேண்டும். காட்டப்படுவதே குறைந்திருந்தால், எந்தப் பதிவுகளில் எந்த மாதத்திலிருந்து குறைந்தது என்று தேட வேண்டும். இதைப் பார்க்காமல் முகவரியில் கை வைப்பது, மாட்டுக்கு என்ன நோவு என்று பார்க்காமலே மருந்து புகட்டுவதைப் போன்றது.

'கொழுக்கட்' என்று முடியும் முகவரி

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 'கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் வளர்ப்பது எப்படி?' என்ற பதிவின் முகவரி 'கொரங்காட்டில்-கொழுக்கட்' என்று பாதியில் அறுந்து நிற்கிறது, தளம் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடவில்லை. வேர்ட்பிரஸ் ஒரு ஸ்லக்குக்கு 200 இடங்கள் மட்டுமே ஒதுக்குகிறது. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழில் கணினி எண்ணும் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக எழுதப்படுவதால், ஒரு குறிக்கு ஒன்பது இடங்கள் செலவாகின்றன.

குறி என்று நான் சொல்வது எழுத்தை அன்று. இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' ஆகிறது என்று நீங்கள் எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருப்பீர்கள். கணினியின் கணக்கு அதற்குத் தலைகீழானது. அங்கே 'க' தனித்து நிற்கும் ஒரு குறி. அதன் மேல் புள்ளி என்ற இன்னொரு குறி ஏறினால்தான் 'க்' பிறக்கும். அரை மாத்திரை பெறும் மெய்யெழுத்து, முகவரியில் அகரத்தைப் போல இரண்டு மடங்கு இடத்தை எடுத்துக்கொள்கிறது. 'கொரங்காட்டில்' என்ற சொல்லில் 13 குறிகள் உள்ளன. அதற்கே 117 இடங்கள் போயின. இடைவெளிக்கு ஒன்று போக மீதமிருந்த 82 இடங்களில் ஒன்பது குறிகள்தான் அடங்கும். 'கொழுக்கட்' என்பது சரியாக ஒன்பது குறி. புல் வெளியே நின்றுவிட்டது.

தமிழ் முகவரியைக் கூகுளால் படிக்க முடியாது என்பது தவறான கூற்று. வாசகர்கள் பேசும் மொழியிலேயே முகவரியின் சொற்கள் இருக்கலாம் என்றுதான் கூகுளின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஒலிபெயர்த்து எழுதுவதையும் அது ஏற்கிறது. உங்கள் 412 முகவரிகளும் இன்றைக்கும் செல்லுபடியாகும் முகவரிகளே. வாட்ஸ்அப்பில் அச்சமூட்டும் அந்த நீண்ட சரம், உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழாகத் தெரிவதும் நகலெடுக்கும்போது உள்ளிருக்கும் குறிகளாக வெளிப்படுவதும் ஆகிய நடைமுறையால் வருவது. பார்ப்பவருக்கு ஐயம் எழுகிறது, சில செயலிகளில் இணைப்பு நடுவில் முறிகிறது என்பதெல்லாம் உண்மைதான். தேடலில் அதனால் இழப்பு இல்லை.

ஆகவே இனி எழுதும் பதிவுகளுக்கு உங்கள்முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. தமிழிலேயே வைப்பதென்றால், வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானாக எடுத்துக்கொள்வதை ஏற்காமல், வெளியிடும் முன்பே ஸ்லக்கைக் கையால் இரண்டு அல்லது மூன்று சொற்களாகச் சுருக்குங்கள். 'கொழுக்கட்டை-புல்' என்றால் 136 இடங்களில் அடங்கிவிடும். வலி மிகும் இடத்தில் ஒற்றை விடுவது உங்களுக்கு எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும். தலைப்பிலும் பதிவிலும் 'கொழுக்கட்டைப் புல்' என்றே எழுதுங்கள், முகவரியில் மட்டும் அந்த ஒற்றுக்குச் செலவாகும் 18 இடங்களை மிச்சப்படுத்துகிறோம். ஆனால் 'கொழுக்கட்டை' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். முகவரியைப் பார்ப்பவர்கள் பிள்ளையார் சதுர்த்திப் பலகாரத்துக்கான செய்முறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

மற்றொரு வழி, ஒலிபெயர்ப்பாக ஆங்கில எழுத்தில் வைப்பது. அதே 'கொழுக்கட்டை-புல்' ஆங்கில எழுத்தில் 16 இடங்களுக்குள் முடிந்துவிடும். உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவும் வாய்ச்சொல் வழியாகவும் வருவதால், உங்களுக்கு இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன். தமிழாசிரியையாக இருந்துகொண்டு ஆங்கில எழுத்தில் முகவரி வைப்பது தாய்மொழிக்குச் செய்யும் துரோகம் ஆகாதா என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தலைப்பும் உட்தலைப்பும் பதிவும் தமிழில் இருக்கின்றன. தேடுபொறி படிப்பதும் அவற்றைத்தான். கதவு எண்ணைக் கொண்டு வீட்டுக்காரர் என்ன பேசுவார் என்று யாரும் முடிவு செய்வதில்லை. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் சுருக்கமான தமிழ் முகவரியே இருக்கட்டும். அதனால் தேடலில் எதையும் இழக்கமாட்டீர்கள்.

ஒலிபெயர்ப்பைத் தேர்ந்தால் கவனிக்க வேண்டியது எழுத்துக்கூட்டல். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை நம்மிடம் இல்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, கோயம்புத்தூரின் புதிய எழுத்துக்கூட்டலைப் பார்த்துக் கோவைக்காரர்களே திகைத்து, சில நாட்களில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். காங்கயத்தையே நடுவில் ஆங்கில 'ஏ' இட்டும் எழுதுகிறார்கள், 'ஈ' இட்டும் எழுதுகிறார்கள். எனவே ஒரு நோட்டில் நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் நாற்பது ஐம்பது சொற்களுக்கு உங்கள் எழுத்துக்கூட்டலை எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து விலகாதீர்கள். ழகரத்துக்கு 'தமிழ்' என்று எழுதும்போது இடும் அந்த இரண்டு எழுத்துகளையே எங்கும் இடுங்கள். எல்லாம் சிறிய எழுத்தாக இருக்கட்டும், ஏனென்றால் முகவரியின் பாதையில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கருதப்படும். சொற்களுக்கு இடையில் அடிக்கோடு வேண்டாம், இடைக்கோடு போடுங்கள். கூகுள் பரிந்துரைப்பதும் அதையே. சந்தை பற்றிய பதிவை ஆண்டுதோறும் புதுப்பிப்பீர்கள் என்றால் முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள்.

பழைய 412-ஐ என்ன செய்வது? அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் முடிவான ஆலோசனை. அவற்றுள் அடிக்கடி பகிரப்படும் பத்துப் பதினைந்து பதிவுகளுக்கு மட்டும் முகவரியைச் சுருக்க விரும்பினால், பதிவை நீக்காமல், அதே பதிவைத் திறந்து ஸ்லக்கை மட்டும் மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் பழைய ஸ்லக்கை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு வருபவர்களைப் புதியதற்குத் தானாகவே அனுப்பிவிடும். அந்தப் பழைய ஸ்லக்கை வேறொரு பதிவுக்குக் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேதியும் புதிய டொமைனும் பிளாக்கரும்

முகவரியில் தேதி இருப்பதால் தரம் குறைவதில்லை. ஒரு பக்கம் எப்போது வெளியானது, எப்போது திருத்தப்பட்டது என்பதை, அந்தப் பக்கத்தில் காட்டப்படும் தேதி, உள்ளிருக்கும் குறிப்புகள் எனப் பலவற்றையும் வைத்துக் கூகுள் மதிப்பிடுகிறது. முகவரி ஒன்றை மட்டும் பார்த்து ஒதுக்குவதில்லை. புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், 'செட்டிங்ஸ்' பகுதியில் உள்ள 'பெர்மாலிங்க்ஸ்' பக்கத்தில் 'போஸ்ட் நேம்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். தேதியும் வேண்டாம், வகையின் பெயரும் வேண்டாம், ஏனென்றால் பிற்காலத்தில் பதிவை வேறு வகைக்கு மாற்றினால் முகவரியும் கூடவே மாறும். உங்கள் நிலை வேறு. அந்த அமைப்பை மாற்றினால் இனி வரும் பதிவுகளுக்கு மட்டும் அது பொருந்தாது, 412 முகவரிகளும் அந்த நொடியிலேயே மாறிவிடும். மாற்றியே தீர வேண்டுமென்றால், ஸ்லக் மாறாமல் தேதி மட்டும் உதிர்வதால், பழைய முகவரிகள் அனைத்தையும் ஒரே ஒரு பொது விதியால் திருப்பிவிட முடியும். விவரம் தெரிந்தவருக்கு அது ஒரு பிற்பகல் வேலைதான். அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மருமகன் உங்கள்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார். ஆனால் புதிய டொமைன் என்பது இருப்பவற்றுள் மிக இடர் மிகுந்த வழி. மாட்டினத்தின் பெயர் டொமைனில் இருப்பதால் மட்டும் தேடலில் முன்னுரிமை கிடைக்காது. டொமைனை மாற்றினால் ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய புதிய முகவரிக்குத் திருப்ப வேண்டும். அந்த வழிமாற்றை இயன்றவரை நீண்ட காலம், குறைந்தது ஓராண்டாவது, வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. உங்கள் பதிவுகளை இணைத்திருக்கும் மாணவர்களையும் உழவர் குழுக்களையும் எண்ணிப் பார்த்தால், பழைய டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்துவதை எக்காலத்திலும் நிறுத்த முடியாது. இரண்டு வீட்டுக்கு வரி கட்டிக்கொண்டு ஒரு வீட்டில் குடியிருக்கும் நிலை அது.

பிளாக்கரில் கிடக்கும் 2015 முதல் 2018 வரையிலான பதிவுகளின் முகவரிகளெல்லாம் ஒரே பொதுச் சொல்லும் அதன்பின் எண்ணுமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பிளாக்கர் தமிழ்த் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்காது. ஆங்கில எழுத்து இல்லாத தலைப்புக்கு அப்படியொரு பொதுப்பெயரைத்தான் சூட்டும். அங்குள்ள வழிமாற்று வசதி அதே வலைப்பூவுக்குள் மட்டுமே செயல்படும் என்பதால் வெளியிலுள்ள உங்கள் டொமைனுக்குத் திருப்ப முடியாது. ஒவ்வொரு பழைய பதிவின் தலைமாட்டிலும் புதிய இடத்தின் இணைப்பை ஒரு வரியில் கொடுங்கள். நாளைக்கு ஐந்தாக ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

நிறுவனத்திடம் பேசுவதற்கு முன்

தேடலில் முதலிடத்தை எவராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. அந்த உறுதியைக் கொடுத்துப் பணம் கேட்பவரிடம் 412 முகவரிகளையும் ஒப்படைக்க நான் சொல்லமாட்டேன். அவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தத் துறையில் பழைய பாடத்தை அப்படியே ஒப்பிப்பவர்கள் பலர். வேறு ஏதேனும் வேலைக்கு அவர்களை அமர்த்தினாலும், தொடங்கும் முன் முழுத் தளத்தின் நகலை உங்கள் கணினியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த முகவரியை மாற்றினாலும் பழையது எது, புதியது எது என்ற அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். சர்ச் கன்சோலில் உரிமையாளராக உங்கள் பெயரே இருக்கட்டும். அவர்களுக்குப் பயனராக மட்டும் அனுமதி கொடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். 2018-இல் டொமைனை வாங்கிக் கொடுத்த இளைஞர்தான் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கிறார், நீங்கள் அவருக்குப் பணம் அனுப்புகிறீர்கள் என்று. அந்த டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? அவர் பெயரில் இருந்தால், பணம் உங்களுடையதாக இருந்தாலும் பதிவேட்டின்படி உரிமையாளர் அவர்தான். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கைப்பேசி எண்ணை மாற்றினாலோ வெளிநாடு போனாலோ புதுப்பிக்கும் அறிவிப்பு உங்களுக்கு வராமல் டொமைன் காலாவதியாகும். பிறகு அதை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒருவர் பன்னிரண்டு ஆண்டு எழுத்தின் முகவரியை இழந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பதிவுகளின் நகல் இருந்தும், அவற்றுக்கு வந்த வழி ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த இளைஞரிடம் அன்போடு கேட்டு, உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், கைப்பேசி எண் மூன்றையும் உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, டொமைனை அங்கே மாற்றித் தருவதற்கான அங்கீகாரக் குறியீட்டைக் கேட்டு வாங்குவது அதனினும் நல்லது. காலாவதி நாளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணபுரத்து நோட்டீஸ்

சந்தையில் கொடுக்கும் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். அதில் தேதியோடும் தமிழ்க் குறிகளோடும் கூடிய நீண்ட முகவரியை அச்சிட்டால் ஒருவரும் தட்டச்சு செய்யமாட்டார்கள். உங்கள் டொமைனுக்குப் பின் ஒரு சாய்கோடும், ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'மாடு' என்றோ 'சந்தை' என்றோ ஒரே சொல்லும் வருமாறு ஒரு குறுமுகவரியை ரீடைரக்‌ஷன் செருகுநிரலில் உருவாக்கி, அதை அம்மிச்சியின் மாட்டு வைத்தியப் பதிவுக்குத் திருப்பிவிடுங்கள். அடுத்த ஆண்டு வேறு பதிவைக் காட்ட விரும்பினால், அச்சடித்த தாள் வீணாகாமல், போய்ச் சேரும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் இந்த ஒரு வழிமாற்றை மட்டும் நிரந்தரமாக வைக்காமல் 302 என்ற தற்காலிக வகையில் வையுங்கள். நிரந்தர வகையை உலாவிகள் மனத்தில் இருத்திக்கொண்டு பழைய இடத்துக்கே அனுப்பக்கூடும்.

க்யூஆர் குறியீட்டையும் அந்தக் குறுமுகவரிக்கே எடுங்கள். இலவசமாகக் குறியீடு உருவாக்கித் தரும் தளங்களில் சில, நடுவே தங்கள் முகவரியைப் புகுத்திவிட்டுப் பிறகு கட்டணம் கேட்பதுண்டு. ஆகவே குறியீட்டைக் கைப்பேசியில் காட்டியதும் திரையில் முதலில் வருவது உங்கள் டொமைன்தானா என்று பாருங்கள். அச்சகத்தில் மாதிரித் தாள் கொடுத்தவுடன் இரண்டு வெவ்வேறு கைப்பேசிகளில், ஒன்றில் கையால் தட்டச்சு செய்தும் மற்றொன்றில் குறியீட்டைக் காட்டியும், பதிவு திறக்கிறதா என்று பார்த்த பிறகே மீதித் தாள்களை அடிக்கச் சொல்லுங்கள்.